"பாக்கலாம்"னா என்ன அர்த்தம்? வயசுப் பிள்ளைகளிடம் சம்மதம் பற்றிப் பேசுவது எப்படி

முதல் தடவை இதைப் பேசப் போனபோது நாற்பது ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன். சட்டப் பிரிவு, தண்டனை, மறுபடியும் சட்டப் பிரிவு. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மேலே மின்விசிறி, கீழே நூற்றிருபது பேர், அதில் பாதிப்பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். கடைசியில் "சம்மதம்னா என்ன?" என்று கேட்டேன். மொத்தக் கூடமும் "நோ மீன்ஸ் நோ!" என்று கத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்து கேட் பக்கத்து டீக்கடையில் நின்றால், முன்வரிசையில் உட்கார்ந்து கத்திய அதே பையன் தன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "அவ வேணாம்னு சொல்லலடா. பாக்கலாம்னுதான் சொன்னா. அப்ப பாதி ஓகே ஆயிடுச்சு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் நன்றாகத் தெரியும். சுவரொட்டியில் இருக்கிறது, ரீல்ஸில் இருக்கிறது. அவர்கள் யோசிக்காத ஒன்று, நம் ஊரில் யாரும் யாருக்கும் நேரடியாக "நோ" சொல்வதில்லை என்பது. "இல்லை" என்று எதிராளி சொல்ல இடம் விட்டுக் கேட்டால்தான் அது கேட்பது. அந்த இடம் இல்லாமல் வாங்கிய "சரி"க்கு மதிப்பில்லை. என் கூட்டங்களில் இப்போது நான் சொல்வது இந்த ஒன்றைத்தான், மற்றதெல்லாம் இதற்கு உரைதான். கல்லூரியில் பேசப் போகிறவர்கள், விடுதிக் காப்பாளர்கள், வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டு அக்கா அண்ணன்மார் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

உள்ளே நுழைவதற்கு முன்

எதிரில் இருப்பவர்களின் வயதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டில் நிறையப் பேருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது முடியாத எல்லாரும் குழந்தைகள், அவர்களுடைய "சரி"க்குச் சட்டத்தில் செல்லுபடி கிடையாது. அதற்கு முன்னால் வரம்பு 16 ஆக இருந்தது. அதே சட்டம், குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும் போலீஸில் தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. நீங்களும் நானும் அதில் அடக்கம். ஆகவே முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்: "உங்களில் பதினெட்டு ஆகாதவங்க யாராவது உங்களுக்கு நடந்ததைச் சொன்னா, அதை என்னால ரகசியமா வெச்சுக்க முடியாது. கேள்வியாக் கேளுங்க, பதில் சொல்றேன்." இதைச் சொல்லாமல் நம்பிக்கையாகப் பேச வைத்துவிட்டு அப்புறம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம். ஒரு தடவை நின்றிருக்கிறேன்.

ஆண்கள், பெண்கள் தனித்தனியாகவா, சேர்த்தா? முதல் ஒரு மணி நேரம் தனித்தனி, அப்புறம் சேர்த்து. முழுக்கத் தனியாக வைத்தால் பையன்கள் சிரித்தே ஓட்டிவிடுவார்கள். முதலிலேயே சேர்த்து வைத்தால் பெண்கள் வாயே திறப்பதில்லை.

கேள்விச் சீட்டு வைத்தே ஆக வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி அரைத் தாள், ஒரே மாதிரி நீலப் பேனா. கேள்வி இல்லாதவர்களும் "எனக்குக் கேள்வி இல்லை" என்று முழுசாக எழுதித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சீட்டுகளை நீங்களே பிரித்து நீங்களே படியுங்கள். வகுப்பாசிரியர் கையில் கொடுக்கவே கூடாது, அவருக்குக் கையெழுத்து தெரியும்.

"தப்பு" என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடியுங்கள்

நம் வீடுகளில் இந்த விஷயத்துக்கு இருக்கிற ஒரே சொல் "தப்பு". ரெண்டு பேர் விரும்பிச் சேர்ந்தாலும் "தப்புப் பண்ணிட்டாங்க", ஒருத்தன் பலவந்தம் செய்தாலும் "தப்புப் பண்ணிட்டான்". ரெண்டுக்கும் ஒரே சொல் என்றால் பதினெட்டு வயதுப் பெண் என்ன புரிந்துகொள்வாள்? தனக்கு நடந்ததைச் சொல்ல வந்த ஒரு பெண் என்னிடம் "தப்பு நடந்துபோச்சுக்கா" என்றுதான் ஆரம்பித்தாள், அவள் குரலில் இருந்த குற்ற உணர்வைப் பார்த்து அவளே விரும்பித்தான் போனாளோ என்று முதல் பத்து நிமிஷம் நானும் தப்பாகவே புரிந்துகொண்டேன். "கற்பழிப்பு" அதைவிட மோசம், செய்தவனை விட்டுவிட்டு அவளிடமிருந்து எதுவோ அழிந்துபோனதைத்தான் அந்தச் சொல் பேசுகிறது. பத்திரிகைகளே மெதுவாக "பாலியல் வன்கொடுமை"க்கு மாறிவிட்டன, நாமும் மாறலாம்.

பலகையில் ரெண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் "ரெண்டு பேருக்கும் விருப்பம்", இன்னொன்றில் "ஒருத்தருக்கு விருப்பமில்லை". அப்பா அம்மாவுக்குப் பிடிக்குமா, ஊர் என்ன சொல்லும், கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்கிற கேள்வியெல்லாம் வேறு கணக்கு, அதைத் தனியாகப் பேசலாம். முதலில் இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். முகம் சுளிக்கிற பேராசிரியர் ஒருவர் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார். "இதெல்லாம் சொல்லிக் குடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்காதீங்க" என்று என்னை ஒரு தடவை பாதியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் முன்கூட்டியே போய்த் துறைத் தலைவரைப் பார்த்து, என்ன பேசப் போகிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் யாரும் மைக்கைப் பிடுங்குவதில்லை.

ஐயாயிரம் ரூபாய் விளையாட்டு

என்னிடம் இருப்பதில் நன்றாக வேலை செய்வது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பையனை முன்னால் அழையுங்கள். அவன் நண்பனிடம் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று கேட்க வேண்டும். நண்பனுக்குக் கொடுக்க இஷ்டமில்லை, ஆனால் "இல்லை", "முடியாது", "தர மாட்டேன்" என்ற மூன்றையும் சொல்லக் கூடாது. ஆரம்பித்து வையுங்கள்.

"மச்சி, ஒரு அஞ்சாயிரம் இருக்குமா?"

"அஞ்சா... ம்ம்... எப்ப வேணும்?"

"நாளைக்கு."

"பாக்கலாம்டா. அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். இந்த மாசம் கொஞ்சம் டைட்டு."

இங்கே நிறுத்திவிட்டுக் கூட்டத்தைக் கேளுங்கள்: பணம் கிடைக்குமா? ஒரே குரலில் "கிடைக்காது" என்பார்கள். அவன் இல்லை என்று சொல்லவே இல்லையே, எப்படித் தெரியும்? "இழுக்கறான்க்கா", "மூஞ்சியே சரியில்ல", "அப்பாகிட்ட கேக்கறேன்னாலே அவ்ளோதான்". பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். அப்புறம் சொல்றேன். வீட்ல கேக்கணும். இப்ப வேணாமே. டைம் ஆச்சு. தலைவலிக்குது. வெறும் ம்ம். பேச்சை மாற்றுவது, சிரித்து மழுப்புவது, போனை எடுத்துப் பார்ப்பது. இருபது தேறும், சில சமயம் முப்பது கூட.

அப்புறம் அதே பட்டியலைக் காட்டி, "நீங்க கையைப் பிடிக்கப் போறப்போ ஒரு பொண்ணு இதுல ஒண்ணைச் சொன்னா, அது என்ன?" என்று கேளுங்கள். கூடம் அமைதியாகிவிடும். பணத்துக்கு "பாக்கலாம்" என்றால் கிடைக்காது என்று புரிகிறவனுக்குப் பெண் "பாக்கலாம்" என்றால் மட்டும் பாதி ஓகே என்று எப்படிக் கேட்கிறது? காதில் கோளாறு ஒன்றுமில்லை. கேட்க இஷ்டமில்லை, அவ்வளவுதான். "அவ தெளிவா சொல்லலக்கா" என்கிற சாக்கு இந்த ஒரு விளையாட்டில் காலாவதி ஆகிவிடுகிறது. கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனாலும் பையன்கள் ஞாபகம் வைத்திருப்பது இதைத்தான்.

இந்த இடத்தில் யாராவது ஒருத்தன் "அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று சொல்லுவான், நான் பார்த்தவரை சொல்லாமல் இருந்ததில்லை. கை தட்டல் கூடக் கிடைக்கும். சண்டை போடாதீர்கள். "நகரும்தான், ஆனா அம்மிக்கு இஷ்டம் வந்தா நகர்ந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பெண் விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் பின்னாலேயே போவது, திரும்பத் திரும்ப மெசேஜ் போடுவது, பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் இன்றைக்குக் குற்றம், முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை. படத்தில் அது இடைவேளைக்கு முந்தைய பாட்டு, ஸ்டேஷனில் அது எஃப்.ஐ.ஆர். ஒருதலைக் காமத்துக்குக் "கைக்கிளை" என்று தனிப் பெயர் வைத்து, அன்பின் ஐந்திணையிலிருந்து தள்ளி வைத்த மொழி நம்முடையது. சினிமாக்காரர்கள்தான் அதை மறந்துபோனார்கள்.

பஜ்ஜி கேசரியும் தலையாட்டலும்

இளசுகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சம்மதம் என்ற சொல்லை அவர்கள் முதலில் எங்கே கேட்டிருப்பார்கள்? பெண் பார்க்க வந்த வீட்டில். ஹாலில் பாயும் நாற்காலியுமாகப் பதினான்கு பேர், தட்டில் பஜ்ஜி கேசரி, பட்டுப் புடவையில் வந்து காபி கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறாள் பெண். பெரியவர் ஒருத்தர் "என்னம்மா, மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா?" என்கிறார். அவள் தலையைக் குனிகிறாள். "மௌனம் சம்மதம்!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக் கேசரியில் கை வைக்கிறார்கள். அந்த ஹாலில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல அவளுக்கு எங்கே இடம் இருந்தது? முன்னாலேயே முடிவு செய்துவிட்டு, மறுக்கவே முடியாத இடத்தில் நிறுத்தி வைத்து, ஒரே ஒரு தடவை கேட்பதைத்தான் சம்மதம் என்று காட்டி வளர்த்திருக்கிறோம். நாலு வயதுக் குழந்தையிடம் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, குடுத்தாத்தான் சாக்லேட்" என்பதிலேயே இது தொடங்கிவிடுகிறது.

இந்தக் காட்சியை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பெண்கள் பின்னியெடுப்பார்கள். பையன்களும் தங்கள் அக்காவை நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது, சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிடுகிறது.

கேட்பது எப்படி, மறுப்பை வாங்கிக்கொள்வது எப்படி

"கேட்டா மூடு போயிடாதாக்கா?" என்பது சீட்டில் தவறாமல் வருகிற கேள்வி. போகிற மூடாக இருந்தால் போகட்டுமே என்று சொல்ல ஆசைதான், ஆனால் சிரிக்காமல் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். படிவம் பூர்த்தி செய்கிற மாதிரி யாரும் கேட்கச் சொல்லவில்லை. "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்பதற்கு ஒரு விநாடி ஆகுமா? "இப்ப வேணாம்னாலும் பரவால்ல" என்று சேர்த்துச் சொல்லுங்கள், எதிராளி மூச்சு விடுகிற இடம் அந்த வாக்கியம்தான். அவள் "சரி" என்றாலும் உடம்பு கல்லாக இருக்கிறதா, பதிலுக்கு எதுவுமே வரவில்லையா, கண் கதவைப் பார்க்கிறதா, அப்போது நிறுத்திவிட்டு மறுபடி கேளுங்கள். மூன்றாவது தடவை கேட்பது கேள்வி இல்லை, நெருக்கடி. குடித்துவிட்டு நிற்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்பதற்கே ஒன்றுமில்லை, பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.

ஒன்றுக்குச் சொன்ன சரி இன்னொன்றுக்கு ஆகாது என்பதற்கு நான் வைத்திருக்கிற உதாரணம் பைக். "தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வரேன்னு வண்டியை வாங்கிட்டுப் போனவன் பாண்டிச்சேரி போய்ட்டு வந்தா விடுவியா?" "கொன்னுடுவேன்க்கா!" "சாவியைக் குடுத்தது நீதானே?" அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. முத்தத்துக்குச் சரி என்றது அறைக்கு வருவதற்குச் சரி ஆகாது, அறைக்கு வந்தது மற்றதற்குச் சரி ஆகாது. போன வாரம் சொன்னது போன வாரத்தோடு சரி. நடுவில் வேண்டாம் என்று தோன்றினாலும் நிறுத்தச் சொல்லலாம்.

கேட்பதைவிட, மறுப்பு வந்த பிறகு வருகிற ஐந்து நிமிஷத்துக்குத்தான் பயிற்சி தேவை. இதை நிஜமாகவே ஜோடி ஜோடியாகப் பயிற்சி எடுக்க வையுங்கள், பையனும் பையனும் கூடச் செய்யலாம். ஒருத்தர் "வேணாம்" என்க வேண்டும், மற்றவர் "சரி. டீ சாப்பிடலாமா?" என்று சாதாரணமாகத் தொடர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. "என் மேல நம்பிக்கை இல்லையா", "லவ் பண்றேன்னா இது கூடவா" எதுவும் கிடையாது. ராத்திரி நாற்பது மிஸ்டு கால், கையைக் கிழித்துக்கொண்டு ஸ்டேட்டஸ், இதெல்லாம் காதல் இல்லை, மிரட்டல். கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பார்த்தால் பாதிப்பேருக்கு "சரி" என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு, மறுப்பை அவமானமாகவே பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். தோழிகள் முன்னால் மறுத்தால் இன்னும் அவமானம். அதையும் அவர்களையே பேசவிடுங்கள்.

சட்டத்தைக் கடைசியில், சுருக்கமாக

சம்மதத்துக்கு 2013-ல் திருத்தி எழுதப்பட்ட விளக்கம் அப்படியே நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவுக்கு, அதாவது வன்புணர்ச்சி பற்றிய பிரிவுக்கு, வந்திருக்கிறது. சொல்லாலோ சைகையாலோ தெளிவாக, தானே விரும்பி, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குக் காட்டுகிற ஒப்புதல்தான் சம்மதம். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வரிக்குப் பின்னால் நாற்பது வருஷம் இருக்கிறது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே வைத்துச் சிதைத்த வழக்கில், பயத்தில் அடங்கிப் போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமோ உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்று போலீஸ்காரர்களை விடுவித்தது. 1979-ல் நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள், தெருவில் போராட்டம் நடந்தது, 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. "நான் கத்தவே இல்லக்கா, அப்ப என் மேலதான தப்பு?" என்று சீட்டில் எழுதியிருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பயத்தில் உடம்பு உறைந்துபோவதும் குரல் எழும்பாததும் சகஜம்.

பதினேழு வயதுக் காதல்கள் பற்றிக் கேட்பார்கள். ரெண்டு பேரும் விரும்பினாலும் பையன் மேல் போக்சோ வழக்கு வரலாம், பெண் வீட்டார் சாதியை மனசில் வைத்துக்கொண்டு புகார் கொடுப்பதும் நடக்கிறது. விடலைக் காதலைத் தண்டிப்பதற்காக வந்த சட்டமில்லை இது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கையே ரத்து செய்தது. ஆனாலும் 2023-ல் சட்ட ஆணையம் வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. பெண்ணின் "வேண்டாம்" பையன் காதில் விழுவதில்லை, அவளுடைய "வேண்டும்" வீட்டார் காதில் விழுவதில்லை, நம் ஊர் நிலைமை அப்படி.

"கல்யாணம் ஆயிட்டா?" என்றும் கேட்பார்கள். பதினெட்டு தாண்டிய மனைவியைக் கணவன் பலவந்தம் செய்வதைச் சட்டம் இன்னும் வன்புணர்ச்சி என்று சொல்லவில்லை. பூசி மெழுகாமல் அதைச் சொல்லுங்கள், கூடவே 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வரும் என்பதையும் சொல்லுங்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு: 63-வது பிரிவில் பாதிக்கப்படுபவர் பெண் மட்டும்தான். போக்சோவில் பையன்களுக்கும் இடமுண்டு. விடுதியில் "விளையாட்டுக்கு" நடப்பதைப் பற்றி ஆண்கள் கூட்டத்தில் ஒரு சீட்டாவது வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

போட்டோ விஷயம் தனி. எடுக்கச் சம்மதித்தது அனுப்பச் சம்மதித்தது ஆகாது, 77-வது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. பழைய காதலன் மிரட்டினால் பணம் கொடுக்காதே, மெசேஜை அழிக்காதே, ஸ்க்ரீன்ஷாட் எடு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளத்தில் பதினெட்டு தாண்டியவர்கள் பதிவு செய்யலாம். படம் நம் போனை விட்டு வெளியே போவதில்லை, அதன் அடையாளக் குறி மட்டும்தான் போகிறது, அதை வைத்துச் சில பெரிய சமூக ஊடகங்கள் அந்தப் படம் ஏறுவதைத் தடுக்கும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இந்த மூன்று எண்களையும் பலகையில் எழுதிவிட்டு அழிக்காமல் வாருங்கள்.

தயவுசெய்து சொல்லாதீர்கள்

"உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" அக்கா தங்கை இல்லாதவன் என்ன செய்யலாமாம்? "பொண்ணு பூ மாதிரி", "முள்ளுல சேலை பட்டாலும் சேலைக்குத்தான் நஷ்டம்", இவையும் வேண்டாம். பொய்க் கேஸ் பயத்தைக் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தப் பயத்துக்கும் மருந்து தெளிவாகக் கேட்பதுதான் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கூட்டம் முடிந்ததும் உடனே ஆட்டோ பிடிக்க வேண்டாம். கைதட்டல், நினைவுப் பரிசு, குரூப் போட்டோ எல்லாம் முடிந்த பிறகு அரை மணி நேரம் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமோ மரத்தடியிலோ சும்மா உட்காருங்கள், போனைப் பையில் வைத்துவிட்டு. கூட்டத்தில் வாயைத் திறக்காத ஒரு பிள்ளை ரெண்டு தடவை உங்களைத் தாண்டிப் போகும், மூன்றாவது தடவை நிற்கும். "அக்கா, என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்." அந்த ஃப்ரெண்டு யார் என்று கேட்காதீர்கள். அந்த ஃப்ரெண்டுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா என்றும் உடனே கேட்காதீர்கள். பதினெட்டு ஆகாதவர்கள் சொன்னால் ரகசியமாக வைக்க முடியாது என்று ஆரம்பத்தில் சொன்ன அந்த விதியை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு சொல்வது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்று காத்திருங்கள். சில பேர் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று எழுந்து போய்விடுவார்கள். அதுவும் ஒரு "பாக்கலாம்"தான். பின்னாலேயே போகாமல், கையில் நம்பர் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.